வண்டியை அப்புறம் பார்ப்போம், பார்க்கிங்கைக் காட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். கையில் மூன்று ஷோரூம்களின் கொட்டேஷன், போனில் முப்பது யூடியூப் விமர்சனங்கள். காபி வருவதற்குள் கேட்டுவிட்டான்.

"மாமா, எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"வண்டியை எங்க நிறுத்துவ?"

"கீழ, நம்ம பார்க்கிங்லதான்."

"அங்க ப்ளக் பாயிண்ட் இருக்கா?"

"அதெல்லாம் அசோசியேஷன்ல கேட்டுக்கலாம் மாமா."

அந்தக் "கேட்டுக்கலாம்" என்ற இடத்தில்தான் பாதி பேர் சறுக்குகிறார்கள். எந்த கம்பெனி, எத்தனை கிலோமீட்டர் ரேஞ்ச், மேலே கண்ணாடிக் கூரை உண்டா என்றெல்லாம் ஒரு மாதம் அலசிவிட்டு, வண்டி வந்து நின்ற அன்று ராத்திரி மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கீழே தொங்கவிட்டவர்களை எனக்குத் தெரியும். மின்சாரக் காருக்கான முடிவு ஷோரூமில் எடுப்பதில்லை. வண்டி நிற்கும் இடம், வீட்டின் ஈ.பி. பில், மாதம் ஓடும் கிலோமீட்டர், இந்த மூன்றும் தெரிந்தால் விடை தானாக வந்துவிடும். மச்சானின் கணக்கையே வைத்துப் பார்க்கலாம். மேடவாக்கத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடி, சிறுசேரியில் வேலை, போக வர நாற்பது கிலோமீட்டர், மாதத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டம், வருடத்தில் நாலைந்து தடவை மதுரை. சென்னையில் நிறையப் பேருக்கு இதே கதைதான்.

முதலில் ப்ளக் விஷயம். மின்சாரக் காரை மூன்று விதமாக சார்ஜ் செய்யலாம். வீட்டில் ஏ.சி.க்கும் கீசருக்கும் போடுகிற பெரிய ப்ளக், அதாவது 15 அல்லது 16 ஆம்பியர் சாக்கெட். இதில் மணிக்கு மூன்று யூனிட் அளவில் ஏறும். அடுத்தது சுவரில் மாட்டுகிற 7.2 கிலோவாட் பெட்டி. இதில் மணிக்கு ஏழு யூனிட் ஏறும். மூன்றாவது நெடுஞ்சாலையில் இருக்கும் ஃபாஸ்ட் சார்ஜர். அது நேரடியாக டி.சி. மின்சாரத்தை பேட்டரிக்குள் தள்ளுவது, வீட்டுக்கு ஒத்துவராது.

ஷோரூமில் எல்லோரும் 7.2 கிலோவாட் பெட்டியை வாங்கச் சொல்வார்கள். மச்சானுக்கு அது தேவையே இல்லை. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் ஆறேழு யூனிட் செலவாகும். சாதாரண பெரிய ப்ளக்கில் இரண்டரை மணி நேரத்தில் அது ஏறிவிடும். ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் ஒரு மணிக்குள் முடிந்தது. காலியான பேட்டரியை மொத்தமாக நிரப்பத்தான் பதினைந்து மணி நேரம் ஆகும். அப்படி ஒரு தேவை ஊருக்குப் போய்த் திரும்பிய மறுநாள் மட்டுமே வரும். நாளெல்லாம் சுற்றுகிறவர்களுக்கு, வீட்டில் இரண்டு மின்சார வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெட்டி சரி.

ஆனால் அந்தச் சாதாரண ப்ளக் உண்மையிலேயே நல்ல ப்ளக்காக இருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிடம் ஓடும், கீசர் கால் மணி நேரம் ஓடும். கார் முழு லோடில் மணிக்கணக்காக ஓடும். ஒயர் மெல்லியதாக இருந்தால், சாக்கெட்டின் உள்ளே பித்தளைத் தகடு தளர்ந்திருந்தால், சூடு அங்கேதான் சேரும். என் அலுவலக நண்பர் ஒருவர் முதல் வாரம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டுப் பார்த்தார். இரண்டாவது நாள் பிளாஸ்டிக் வாசனை வந்து கழற்றிப் பார்த்தபோது ப்ளக்கின் ஒரு முனை தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறியிருந்தது. அப்புறம் நாலு சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், லோடு மீறினால் தானாக விழுந்துவிடும் எம்.சி.பி. சுவிட்ச் தனியாக, தொழிற்சாலைகளில் போடுகிற மாதிரியான சாக்கெட் எல்லாம் போட்டார். இன்னொன்று எர்த். எர்த் சரியில்லையென்றால் பல கார்கள் சார்ஜே ஏற்றாது, திரையில் பிழை காட்டிவிட்டு நின்றுவிடும். வண்டிதான் பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு அலைந்துவிட்டு, கடைசியில் வீட்டு எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தவர்கள் உண்டு.

தனி வீடு என்றால் இதெல்லாம் ஒரு நாள் வேலை. அடுக்குமாடியில்தான் அரசியல். மத்திய மின் அமைச்சகத்தின் 2022 ஜனவரி வழிகாட்டுதல்படி, வீட்டிலும் அலுவலகத்திலும் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலேயே தங்கள் வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம். தனி லைசென்ஸ் தேவையில்லை என்பது 2018லேயே தெளிவாகிவிட்டது. ஆனால் உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை ஒயர் வர வேண்டுமே. அது பொதுச் சுவரில், பொது உத்தரத்தில்தான் வர முடியும். அங்கே செயலாளருக்குக் கேள்வி வரும். "தீப்பிடிச்சா யார் பொறுப்பு? நாளைக்கு எல்லாரும் கேட்டா மெயின் தாங்குமா?" முதல் கேள்வி பயத்தில் வருவது. இரண்டாவது நியாயமானது. 24 வீடுகளில் பத்து வீட்டுக்காரர்கள் ராத்திரி பத்து மணிக்கு ஏழு கிலோவாட் பெட்டியை ஒரே நேரத்தில் போட்டால், கட்டடத்தின் கேபிளும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முதல் வண்டிக்காரர் நல்ல முறையில் ஒயர் இழுத்து வைத்தால் அடுத்தவர்களுக்கு வழி திறக்கும், அரைகுறையாகச் செய்தால் அந்தக் கட்டடத்தில் ஐந்து வருடத்துக்கு வேறு யாருக்கும் அனுமதி கிடைக்காது.

கட்டடத்தின் பொது விளக்கு, மோட்டாருக்கான காமன் மீட்டரிலிருந்து எடுத்துக்கொண்டு மாதம் இவ்வளவு கொடுத்துவிடுகிறேன் என்று சிலர் பேசி முடிப்பதுண்டு. சண்டைக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. சொந்த மீட்டரிலிருந்து ஒயர் இழுக்க முடியாவிட்டால் குறைந்தபட்சம் இடையில் ஒரு சின்ன சப் மீட்டராவது போடுங்கள்.

மழையும் இதில் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் தெற்குப் பகுதி மூழ்கியது நினைவிருக்கும். அடுத்த வருடம் அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பொதுவாக மின்சாரக் காரின் பேட்டரிப் பெட்டி ஐ.பி. 67 தரத்தில் இருக்கும், அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று சோதித்தது. ஆனால் நம் வெள்ளம் அரை மணி நேரத்தில் வடிகிற வெள்ளம் இல்லையே. வண்டியை மேடான இடத்துக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். சாக்கெட்டை மட்டும் முழங்கால் உயரத்தில் வைக்காதீர்கள். போன வெள்ளத்தின் தண்ணீர்க் கோடு சுவரில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஒரு முழம் மேலே வையுங்கள்.

சரி, ப்ளக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பில்.

"ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் சார்" என்று ஷோரூமில் சொல்வார்கள். தமிழ்நாட்டின் மின் கட்டணம் அப்படிப் போவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். கார் எப்போதும் அந்த ஏணியின் உச்சியில்தான் போய் உட்காரும். 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் ஒன்பதரை ரூபாய் அளவில், 800க்கு மேல் பத்தரை ரூபாய் அளவில், ஆயிரத்தைத் தாண்டினால் பதினொன்றரை ரூபாய்க்கும் மேல். அதோடு, மொத்தம் 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். பில்லை எடுத்து "சராசரி யூனிட் ஆறு ரூபாய்" என்று போடுகிற கணக்கு அதனால் தப்பு. வீட்டுக்கு ஏற்கெனவே எவ்வளவு ஓடுகிறதோ, அதற்கு மேல் ஏறும் யூனிட்டின் விலையைத்தான் காருக்குப் போட வேண்டும்.

மச்சான் வீட்டில் இரண்டு ஏ.சி. இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடுகிறது. கார் இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓடும். மீட்டரில் பதிவாகும் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் ஏறும்போது சூடாகப் போகும் நஷ்டம், சென்னை வெயிலில் ஏ.சி. எல்லாம் சேர்த்து ஒரு சின்ன எஸ்.யூ.வி.க்கு இது நியாயமான எண். அப்படியானால் 333 யூனிட் கூடுகிறது. முதல் 200 யூனிட் ஒன்பதரை ரூபாயில், மிச்சம் பத்தரையில். ஆக சுமார் 3,300 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் அறுபத்தைந்து காசு.

அதே தூரத்துக்கு ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார், சிறுசேரி போகும் ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும் என்று தாராளமாக எடுத்துக்கொண்டு, லிட்டர் 101 ரூபாய் என்று போட்டால் 14,400 ரூபாய். இரண்டு மாதத்தில் பதினோராயிரம் மிச்சம், வருடத்துக்கு 66,000. ஷோரூம்காரர் சொன்ன அளவுக்கு இல்லை, ஆனாலும் சின்னத் தொகை இல்லை. ஓ.எம்.ஆர். நெரிசல் இங்கே மின்சாரக் காருக்குச் சாதகம் என்பதையும் கவனிக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் கார் ஏ.சி.க்காகவே எரிபொருளைக் குடித்துக்கொண்டிருக்கும். மின்சாரக் கார் ஏ.சி.க்கு வேண்டிய கொஞ்சத்தை மட்டும் எடுக்கும், பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திருப்பி ஏற்றிக்கொள்ளும். பெட்ரோல் கார் ஊருக்குள் தோற்று ஹைவேயில் ஜெயிக்கும். இது நேர் எதிர்.

இதே கணக்கை என் பெரியப்பாவுக்குப் போட்டேன். ஓய்வு பெற்றவர், கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அவருக்கு மிச்சம் மாதம் 1,700 ரூபாய்தான், வருடத்துக்கு இருபதாயிரம். விலையில் இரண்டு லட்சம் கூடக் கொடுத்து வாங்கினால் போட்டது திரும்ப பத்து வருடம். "பெட்ரோல் வண்டியையே வெச்சுக்கோங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வருத்தப்பட்டார். மின்சாரக் காருக்குப் போடும் பச்சை நம்பர் ப்ளேட் அவருக்குப் பிடித்திருந்தது.

வீட்டு மாடியில் சோலார் இருந்தால் கணக்கே மாறிவிடும். மூன்று கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளைக்கு 12 யூனிட் அளவில் தரும், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பில்லின் உச்சியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகள்தான் முதலில் கழியும் என்பதால் காரும் சோலாரும் நல்ல ஜோடி. தனி வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை. அடுக்குமாடியில் மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்ற பஞ்சாயத்து வேறு.

வாங்கும் விலைக்கு வருவோம். ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிட்டால் மின்சாரக் கார் எப்போதும் தோற்கும். சாலை வரியெல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்ந்த சாலை வரிப்படி ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், பத்து லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். மின்சாரக் காருக்கோ, 2023 பிப்ரவரியில் வந்த மாநில மின்வாகனக் கொள்கை 2025 டிசம்பர் 31 வரைக்கும் முழு விலக்கு கொடுத்தது. நீங்கள் வாங்கப் போகும் மாதத்தில் விலக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மொத்தக் கணக்கும் அதில்தான் தொங்குகிறது.

எப்படி என்றால், விலக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு 14 லட்சம் மின்சாரக் காரை 11 லட்சம் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் மூன்று லட்சம் மாதிரி தெரியும். பெட்ரோல் காருக்கு 18 சதவீத வரி கிட்டத்தட்ட இரண்டு லட்சம். இப்போது வித்தியாசம் ஒரு லட்சம்தான், மச்சானுக்கு ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும். அதே மின்சாரக் காரை ஒன்பதரை லட்சம் பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் வரி ஒன்றேகால் லட்சம், வித்தியாசம் மூன்றேகால் லட்சம், திரும்ப ஐந்து வருடம். நீங்கள் உண்மையில் எந்தப் பெட்ரோல் காரை வாங்கியிருப்பீர்கள் என்பதில் நேர்மையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு உருப்படும். மேனுவல் கியர் பேஸ் மாடல் வாங்க நினைத்தவர், மின்சாரக் காரை நியாயப்படுத்துவதற்காக டாப் எண்ட் பெட்ரோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நானே செய்திருக்கிறேன்.

இரண்டு பழைய தகவல்களை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று, கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு. அந்த 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். இரண்டு, ஜி.எஸ்.டி.யில் பெரிய வித்தியாசம். மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம்தான், உண்மை. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கும் 28லிருந்து 18 ஆகக் குறைந்து, அதற்கு மேல் போட்ட செஸ் என்ற கூடுதல் வரியும் போய்விட்டது. பழைய ஒப்பீட்டு வீடியோக்களில் உள்ள பெட்ரோல் கார் விலைகள் இப்போது செல்லாது.

"பேட்டரி வாடகை" என்று ஒரு திட்டம் 2024 செப்டம்பரில் எம்.ஜி. வின்ட்சர் என்ற மின்சாரக் காரோடு வந்தது. அப்போது வண்டி 9.99 லட்சம், பேட்டரிக்கு ஓடும் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். கேட்க இனிக்கும். மச்சானின் ஒரு ரூபாய் அறுபத்தைந்து காசு மின்சாரத்தையும் சேர்த்தால் ஐந்து ரூபாயைத் தாண்டிவிடும், பெட்ரோலோ ஏழு ரூபாய் சொச்சம். எந்தச் செலவை மிச்சம் பிடிக்க இந்த வண்டிக்கு வந்தோமோ அதில் பெரும்பங்கு வாடகையாகப் போகிறது. கடன் வாங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு உதவும் என்பதைத் தவிர இதில் எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை. குறைந்தபட்ச மாதக் கிலோமீட்டர் உண்டா என்று ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள்.

ரேஞ்ச் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பெனி சொல்லும் எண் சோதனைக்கூடத்தில் மிதமான வேகத்தில் எடுத்தது. டாடா நெக்ஸான் 45 யூனிட் பேட்டரிக் காருக்குச் சான்றிதழில் 489 கிலோமீட்டர், அதே கம்பெனி "நிஜத்தில் கிடைப்பது" என்று தனியாகச் சொல்வது 350 முதல் 375. ஹைவேயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏ.சி.யோடு போனால் அதுவும் 300க்குக் கீழே இறங்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்று பத்தாம் வகுப்பில் படித்தது இங்கே திரையில் சதவீதமாகத் தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கினால் எண் நிமிர்ந்து உட்காரும்.

மதுரை 450 கிலோமீட்டர். வழியில் ஒரு தடவை நன்றாக சார்ஜ் போட வேண்டும். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சிப் பக்கம் ஹோட்டல் வாசல்களில் ஃபாஸ்ட் சார்ஜர்கள் இருக்கின்றன. யூனிட்டுக்கு 18லிருந்து 25 ரூபாய், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. கிலோமீட்டருக்கு நாலு ரூபாய் பக்கம் வரும், பெட்ரோலைவிடக் குறைவுதான். சாதாரண நாளில் ஒரு பொங்கல், ஒரு காபி சாப்பிட்டு முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும். தீபாவளிக்கு முந்தின நாளில் அப்படி இருக்காது. பரனூர் டோலில் ஊர்ந்து, விக்கிரவாண்டி டோலில் ஊர்ந்து, சார்ஜரில் போய் நின்றால் நமக்கு முன்னால் இரண்டு பச்சை ப்ளேட் நிற்கும். ஒரு வண்டிக்கு நாற்பது நிமிடம். போன வருடம் நான் நண்பரோடு போனபோது ஆப்பில் "தயார்" என்று காட்டிய சார்ஜர் நேரில் இருட்டாகக் கிடந்தது. வாட்ச்மேன் "நேத்துல இருந்து ஓடல சார்" என்றார். ஆப் வாலெட்டில் போட்ட 500 ரூபாய் திரும்பி வர மூன்று வாரம். அதனால் 15 சதவீதத்தில் போய் நிற்காதீர்கள். 35 சதவீதம் இருக்கும்போதே முதல் சார்ஜரைத் தொடுங்கள், அது ஓடவில்லையென்றால் அடுத்ததுக்குப் போக முடியும்.

வருடத்தில் நாலு தடவைதான் இந்தப் பாடு. அதற்காக மிச்சம் 350 நாளின் லாபத்தை விடுவதா என்பது அவரவர் குணம். என் மச்சானுக்குப் பொறுமை குறைவு. தீபாவளிக்கு ரயிலில் போ என்று சொல்லியிருக்கிறேன். மாதம் நான்கு தடவை கோயம்புத்தூர், மதுரை என்று ஓடுகிற வியாபாரி என்றால் இப்போதைக்கு வேறு வண்டி பார்க்கச் சொல்வேன்.

மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள காரை வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு 1,800 மீட்டர் உயரம் தூக்க, தூக்குவதற்கு மட்டும் 9 யூனிட் ஆகும். தரையில் ஓடும் செலவு அதற்கு மேல். 45 யூனிட் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு தூக்குவதிலேயே போய்விடும். பயப்பட வேண்டாம், இறங்கும்போது பாதிக்கு மேல் திரும்பி வரும். மேலே ஹோட்டலில் ராத்திரி முழுக்கப் போட்டு 100 சதவீதம் நிரப்பிவிட்டு மட்டும் இறங்காதீர்கள். நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாத மாதிரி, திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடம் இருக்காது. மோட்டார் பிரேக் பிடிக்காது, முழுப் பாரமும் சக்கரத்துப் பிரேக்கில் விழும். 80 சதவீதத்தில் கழற்றிவிடுங்கள்.

பேட்டரி எத்தனை வருடம் வரும்? எல்லோருக்கும் உள்ள பயம் இது. இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலும் எல்.எஃப்.பி. வகை பேட்டரி. லித்தியம், இரும்பு, பாஸ்பேட் கலந்தது. எடை கொஞ்சம் அதிகம், சூட்டைத் தாங்கும், நிறைய தடவை நிரப்பிக் காலியாக்கலாம். ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் போன்றவற்றில் நிக்கல் கலந்த என்.எம்.சி. வகை. அதே எடையில் அதிக மின்சாரம் பிடிக்கும், ஆனால் தினமும் 100 வரை ஏற்றாமல் 80இல் நிறுத்துவது அதற்கு நல்லது. எல்.எஃப்.பி.யில் ஒரு விசித்திரம் உண்டு. பாதி காலியானாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், எவ்வளவு மிச்சம் என்று வண்டிக்கே சரியாகத் தெரியாது. வாரம் ஒரு தடவையாவது 100 வரை நிரப்பினால்தான் மீட்டர் தன்னைச் சரிசெய்துகொள்ளும். தினமும் எண்பதில் நிறுத்தி "பத்திரமாக" ஓட்டியவர்களின் திரையில் 22 சதவீதம் திடீரென்று 11 ஆன கதையெல்லாம் இதனால் வருவதுதான்.

வெயில் பற்றிய பயத்துக்கு ஒரு பழைய அடிப்படை உண்டு. 2012 வாக்கில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவன நகரங்களில் நிசான் லீஃப் கார்களின் பேட்டரி ஓரிரண்டு வருடத்திலேயே கொள்ளளவு இழந்தது பெரிய பிரச்சினையானது. அந்த பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது. வாங்கும் காரில் பேட்டரிக்கு லிக்விட் கூலிங் உண்டா என்று கேட்பது அதனால் முக்கியம். இருந்தால் சென்னை வெயிலுக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. பொதுவாக எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரன்டி உண்டு. சமீபத்தில் சில கம்பெனிகள் "ஆயுள் வாரன்டி" என்றும் அறிவித்திருக்கின்றன. சின்ன எழுத்தைப் படியுங்கள், அது முதல் உரிமையாளருக்கு மட்டும்.

அந்தச் சின்ன எழுத்து மறுவிற்பனையில்தான் வேலையைக் காட்டும். நெக்ஸான் மின்சாரக் கார் 2020 ஜனவரியில் வந்தபோது ஆரம்ப விலை 13.99 லட்சம், பேட்டரி 30 யூனிட். 2024இல் 45 யூனிட் பேட்டரியோடு வந்த நெக்ஸானின் ஆரம்ப விலையும் 13.99 லட்சம். ஐந்து வருடம் கூட ஆகவில்லை, அதே பணத்துக்கு ஒன்றரை மடங்கு பேட்டரி. பழைய வண்டியை யார் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வண்டி மாற்றுகிறவர்களுக்கு இது அடி. எட்டுப் பத்து வருடம் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் இதையே திருப்பிப் போட்டால், மாதம் 700, 800 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு வாரன்டி மிச்சமுள்ள பழைய மின்சாரக் கார் நல்ல பேரம். பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையை சர்வீஸ் சென்டரில் எடுத்துத் தரச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பெரிய பேட்டரியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது சின்னது மறந்துபோகிறது. மின்சாரக் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று முன்னால் உட்கார்ந்திருக்கும். கதவு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே எல்லாம் அதில்தான் ஓடும். அது இறந்தால் 90 சதவீதம் சார்ஜ் உள்ள வண்டி கதவைக் கூடத் திறக்காமல் நிற்கும். எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு வாரம் வெளிநாடு போய்விட்டு வந்து இப்படி மாட்டிக்கொண்டார். டோவிங் வண்டி கூப்பிடப் போனவரை நிறுத்தி, முனையில் இருக்கும் பேட்டரிக் கடைப் பையன் ஜம்ப் ஸ்டார்ட் ஒயரோடு வந்து ஐந்து நிமிடத்தில் எழுப்பினான்.

புகையில்லாத வண்டி என்பதும் வீட்டு வாசலோடு சரி. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.72 கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. ஆறு கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் என்றால் கிலோமீட்டருக்கு 120 கிராம். பெட்ரோல் காருக்கு 165 கிராம். நல்லதுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. சோலார் போட்டவர் அதிகமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மச்சானுக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கொட்டேஷன்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். போன வாரம் அவர்கள் அசோசியேஷன் கூட்டத்தில் விஷயம் வந்திருக்கிறது. சொந்த மீட்டரிலிருந்து, குழாய்க்குள் ஒயர், தனி எம்.சி.பி., செலவு முழுக்க வீட்டுக்காரருடையது, பத்து வீடுகள் கேட்கும்போது பொது ஏற்பாடு பற்றிப் பேசுவது என்று எழுதிக் கையெழுத்தாகியிருக்கிறது. எலெக்ட்ரீஷியன் டேப் வைத்து அளந்திருக்கிறார். மீட்டர் அறையிலிருந்து அவன் தூண் வரை 38 மீட்டர். அந்தத் தூரத்துக்கு நாலு சதுர மில்லிமீட்டர் போதாது, ஆறு போட வேண்டும் என்று சொன்னாராம். வண்டியை இன்னும் புக் செய்யவில்லை.